மூணு கொத்துக் கலப்பை

புதன்கிழமை விடியலில் சன்னாசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் கேட்டைத் திறந்தபோது, மேட்டுச்சாவடிப் பட்டறையில் அவர் விலை பேசி முடித்துவிட்டு வாங்காமல் வந்த, மண் கிளறும் ரொட்டவேட்டர், பதினோரு கிலோமீட்டரைத் தன்னந்தனியாக உருண்டு கடந்து, கத்திகளில் செம்மண்ணும் பனியும் ஒட்டியிருக்க, வீட்டைப் பார்த்த முகமாக நின்றுகொண்டிருந்தது. வழியில் அதைப் பார்த்த பால் வண்டிக்காரர், ஹார்ன் அடித்ததும் மரியாதையாக ஓரம் ஒதுங்கி வழிவிட்டது என்றார். ஊத்துப்பட்டியில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் விடிகாலையில் மலையிலிருந்து என்னென்னவோ இறங்கி வருகிறது, யானை வருகிறது, பன்றி வருகிறது, பட்டறையிலிருந்து இரும்பு வந்தால் என்ன என்பது போலப் பார்த்துவிட்டு, அவரவர் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

சன்னாசிக்கு மட்டும் காது மடல் சுட்டது.

மறுநாள் மண் தள்ளும் பிளேடு வந்தது. அதற்குக் காலும் இல்லை சக்கரமும் இல்லை என்பதால் வயிற்றாலேயே ஊர்ந்து வந்திருந்தது. வந்த வழியெல்லாம் மேடு பள்ளம் சீவப்பட்டு, ஏழு வருடமாக மனுக் கொடுத்தும் நடக்காத ஊத்துப்பட்டி மண்ரோடு ஒரே இரவில் நிலைக்கண்ணாடி மாதிரி கிடந்தது. சாயங்காலத்துக்குள் பஞ்சாயத்துத் தலைவர் அந்த ரோட்டின் ஓரத்தில் தன் பேர் போட்ட பலகையை நட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை, கவ்வுகிற நாக்கைத் தூக்கிப் பிடித்தபடி டிரெய்லர் வந்தது. சனிக்கிழமை, வயிறு குலுங்க மருந்தடிக்கும் தொட்டி வந்தது. நான்கும் வரிசையாக, சந்தையில் கட்டின மாடுகள் மாதிரி, சன்னாசி வீட்டு வாசலில் நின்றன.

மாடு மாதிரி என்று சும்மா சொல்லவில்லை. சன்னாசி முப்பது வருடம் மாட்டுத் தரகராக இருந்தவர். பள்ளிக்கூடத்தை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. எழுத்து, கணக்கு, மனுசர்களின் பொய், மாட்டின் பொய், எல்லாவற்றையும் தாவணி என்கிற மாட்டுச் சந்தையில் உதை வாங்கித்தான் கற்றுக்கொண்டார். மாட்டுத் தாவணியில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் கையையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்து அமுக்கிப் பேசுவார்கள். வெளியே இரண்டு முகமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், உள்ளே விரல்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். சன்னாசி துண்டுக்குள் கைவிட்டால் எதிராளிக்கு வேர்க்கும். விலை இறங்காத மாட்டை அவர் வாயால் இறக்குவார்: சுழி சரியில்லை, பல் தேய்ந்தது, நடையில் கோணல். மாடு காதில் கேட்டுத் தலையைத் தொங்கப்போடும்வரை சொல்வார். அப்படிச் சொல்லிச் சொல்லியே ஒன்றரை ஏக்கர் பன்னீர்த் திராட்சைத் தோட்டம் வாங்கினார், பந்தலுக்கு அடியில் குனியாமல் போகிற குட்டி டிராக்டர் ஒன்றும் வாங்கினார். இனி அதன் பின்னால் எதையெதை மாட்டுவது என்பதுதான் பாக்கி. அதற்குத்தான் போன ஞாயிற்றுக்கிழமை, ஊர்க்காரர்கள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு மேட்டுச்சாவடிக்குப் போனார்.

அங்கே பட்டறை வைத்திருந்தவர் சவரியம்மாள். நாற்பது வயது. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, வெல்டிங் பொறிக்கு நடுவில் நின்றபடியே பேசுவார். குட்டி டிராக்டருக்கு என்றே கலப்பையும் பிளேடும் அவரே வளைத்து, அவரே ஒட்டி, அவரே வர்ணம் அடிப்பார். ஆறு வருடத்துக்கு முன்னால் தகடு வெட்டும் மிஷின் அவருடைய வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. மிச்சம் மூன்று விரலை வைத்துக்கொண்டு அவர் பிடித்த நெருப்பில் கோணல் விழுந்ததாக யாரும் சொன்னதில்லை.

சன்னாசி ஒவ்வொரு சாமானையும் சுற்றிச் சுற்றி வந்து குற்றம் சொன்னார். ரொட்டவேட்டருக்குக் கத்தி சவலை என்றார், டிரெய்லருக்குப் பின்பக்கம் பெருத்துப்போச்சு என்றார், தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு வயிற்றில் வியாதி என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சவரியம்மாளும் சிரித்தார். சன்னாசி கேட்ட விலைக்கே, "சரிண்ணே, பிடிச்சுக்கங்க," என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தார். கடைசியாகக் கலப்பைக்கு வந்தார்கள். மண்ணைக் கீறும் இரும்புக் கொத்து மூன்று வைத்ததும் இருந்தது, ஐந்து வைத்ததும் இருந்தது.

"அஞ்சு கொத்து எடு தாயி," என்றார் சன்னாசி.

"வேணாண்ணே. உங்க பந்தல்ல வரிசைக்கு வரிசை இடைவெளி கம்மி. அஞ்சு கொத்துப் போட்டா ஓரத்துக் கொத்து ரெண்டும் கொடி வேரைப் பிடிச்சு அறுத்துரும். மூணு கொத்துப் போதும். இந்தா, இது உங்க வண்டிக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு, பாருங்க."

சவரியம்மாள் காட்டிய மூணு கொத்துக் கலப்பை நீல வர்ணம் காயாமல் சுவரோரம் நின்றது.

இதில் கோபப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் சன்னாசிக்குக் கோபம் வருவதற்கு ஒன்றும் இருக்கவேண்டியதில்லை. முப்பது வருடத்தில் அவருக்கு யாரும் இது போதும் என்று சொன்னதில்லை. எது போதும் என்று அவர்தான் சொல்வார். மூன்று பேர் பார்த்துக்கொண்டு வேறு நிற்கிறார்கள். திராட்சையைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒன்று இந்தப் பொம்பளைக்குத் தெரிந்திருக்கிறது என்று உறைத்த அந்த நொடியில், இறங்காத மாட்டுக்குச் சுழி பார்க்கிற பழைய புத்தி அவர் நாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"மூணு வெரலு உள்ளவளுக்கு மூணு கொத்துதான் கலப்பையாத் தெரியும்," என்றார்.

மூன்று பேரும் சிரித்தார்கள். பழக்கத்தில் சிரித்துவிட்டார்கள். சவரியம்மாள் மட்டும் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக் கண்ணுக்குப் போட்டுக்கொண்டார். சன்னாசி அஞ்சு கொத்துக் கலப்பைக்கு மட்டும் பணத்தைக் கொடுத்துவிட்டு, பேசி முடித்த மற்ற சாமானையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு, வண்டியேறி வந்துவிட்டார். தாவணியில், விற்கிறவன் பிடிச்சுக்க என்று சொன்ன பிறகு கயிற்றைப் பிடிக்காமல் போகிறவனுக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரை அவரே எத்தனையோ பேரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

திங்கட்கிழமை முதல் வரிசையில் அஞ்சு கொத்தை இறக்கினார். கிளை நறுக்கிக் கவாத்து அடித்த கொடி. பதினைந்து நாளுக்குள் மண்ணைக் கிளறி எரு வைத்தால்தான் கண் திறந்து குலை தள்ளும், இல்லாவிட்டால் அந்த வருடம் வெறும் இலைதான். பாதி வரிசை போவதற்குள் ஓரத்துக் கொத்துகளில் வெள்ளை வெள்ளையாக ஏதோ சுற்றிக்கொண்டது. நூல் என்று நினைத்து இறங்கிப் பார்த்தார். வேர். பதினான்கு கொடியின் வேர். அறுபட்ட நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை மண்ணுக்குள் தள்ளிக் காலால் மிதித்து மூடினார். யாரும் பார்க்கவில்லை. அதற்கு அப்புறம்தான் புதன்கிழமை வந்தது.

நான்கும் வந்து சேர்ந்ததும் முதலில் அவர் சத்தம் போட்டார். ஒரு லாரியைப் பிடித்து நான்கையும் ஏற்றித் திருப்பி அனுப்பினார். மறுநாள் விடியலில் நான்கும் அதே வரிசையில், அதே இடத்தில் நின்றன. லாரிக்காரர் சாயங்காலம் வந்து தலையைச் சொறிந்தார்.

"அந்தம்மா ஒண்ணும் சொல்லலண்ணே. பிடிச்சுக்கன்னு சொன்னேன், பிடிக்காமப் போயிட்டாரு, நானா ஒண்ணும் அனுப்பலன்னுச்சு. அப்புறம், தாவணிக்காரருக்கு அதுக்குப் பேரு தெரியும்னு மட்டும் சொல்லச் சொல்லுச்சு."

சரி, வந்தது வந்தது, மாட்டி ஓட்டுவோம் என்று டிராக்டரைப் பின்னால் எடுத்தார். ரொட்டவேட்டர் ஒரு அடி பின்னால் போனது. இன்னும் எடுத்தார். இன்னும் ஒரு அடி போனது. கொக்கியில் பின்னை மாட்டுவதற்கு ஒரு சாண் இருக்கும்போதெல்லாம், கன்று மடிக்கு வாய் கொண்டுபோனால் விலகுகிற பசு மாதிரி, சத்தமில்லாமல் விலகியது. நான்கும் அப்படியே செய்தன. அதே சமயம் பக்கத்துத் தோட்டக்காரர் தன் டிராக்டரைக் கொண்டுவந்து, "சும்மாதான நிக்குது, ரெண்டு நாளைக்கு எடுத்துக்கவா மாமா," என்று கேட்டபோது ரொட்டவேட்டர் தானே முன்னால் வந்து கொக்கியைக் கொடுத்தது.

ஊர் அதைப் பழகிக்கொண்டது. கூடலிங்கத்தின் டீக்கடையில் காலையிலேயே அரசியலை விட்டுவிட்டு, குட்டி வண்டிக்கு எந்தச் சாமான் உபயோகம் என்ற பேச்சுதான்: ஒருத்தர் ரொட்டவேட்டர் ஒன்று போதும் மற்றதெல்லாம் சீர்வரிசை என்பார், இன்னொருத்தர் டிரெய்லர் இல்லாத டிராக்டர் கை இல்லாத ஆள் என்று ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொள்வார். டிரெய்லரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சத்துணவு அரிசி போனது, தென்னை மட்டை வந்தது, ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலமே போனது. இன்னும் மருந்து படாத தொட்டியைக் கழுவி, மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகத்தில் நீர்மோர் ஊற்றினார்கள். பிளேடுக்குக் கர்ப்பிணிகள் மேல் தனிப் பிரியம் இருந்தது. அவர்கள் நடக்கிற பாதையில் கல் கிடந்தால் முன்னால் போய்த் தள்ளிவிட்டது. எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் நான்கும் திரும்பி வந்து சன்னாசி வாசலில் வரிசையாக நின்று, வீட்டையே பார்த்தன. பஸ் கண்டக்டர் "சாமான் வீடு, சாமான் வீடு" என்று விசிலடித்து ஆள் இறக்கினார்.

ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. ஊரே கைகொட்டிச் சிரித்திருந்தால் சன்னாசி அரிவாளை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியிருப்பார், இரண்டு நாளில் எல்லாம் தணிந்திருக்கும். ஆனால் ஊர் மரியாதை காட்டியது. டீக்கடையில் தூரத்தில் இருக்கிறவர்கள் இத்தனை டீ என்று கூடலிங்கத்துக்கு விரலைக் காட்டுவதுதான் வழக்கம்; சன்னாசி பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் தூக்கின விரல்கள் எல்லாம் மடங்கின. "நாலு டீப்பா," என்று வாயால் சொன்னார்கள். சீட்டாட்டத்தில் கையைக் கீழே வைத்துக்கொண்டார்கள். பஸ்ஸில் அவர் பக்கத்தில் நின்றவர்கள் மேலே கம்பியைப் பிடிக்கத் தயங்கினார்கள். ஒருநாள் கூடலிங்கம் அவர் கையில் கிளாஸைக் கொடுக்கும்போது, தன் ஐந்து விரலையும் துண்டால் மூடிக் கொடுத்தான். சூடு என்று அவன் சொன்னான். சூடு இல்லை. சன்னாசி அந்த டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

பதினோரு நாள் போய்விட்டது. கவாத்து அடித்த கொடிகள் பந்தலில் வெறும் குச்சியாகக் காத்துக்கொண்டிருந்தன. ஆளை விட்டுக் கொத்தலாம் என்றால், அந்தத் தோட்டத்துக்கு வரமாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை, எல்லாருக்கும் வேறு ஜோலி இருந்தது. சன்னாசி தினமும் விடிவதற்கு முன்னால் கேட்டுக்குப் போய் ரோட்டைப் பார்த்தார். மூணு கொத்துக் கலப்பை வரவில்லை. அது ஒன்று வந்தால் போதும், மற்றதெல்லாம் போய்த் தொலையட்டும் என்று இருந்தது அவருக்கு.

பின்னால் நின்ற அவர் மனைவி பஞ்சவர்ணம், வாளியைக் கீழே வைத்தாள்.

"அது வராதுங்க."

"எதுடீ?"

"நீங்க யாரைப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்களோ அது. மத்த நாலையும் நீங்க வெலை கேட்டீங்க, அந்தப் பிள்ளை பிடிச்சுக்கன்னுச்சு, வந்துருச்சுக. அதை நீங்க எங்க கேட்டீங்க? திட்டி வஞ்சுட்டுல்ல வந்தீங்க. வஞ்ச வீட்டுக்கு அது எப்படி வரும்? அது வராம இதுக நாலும் வண்டியில சேராது."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அன்னைக்குச் சிரிச்ச மூணு பேரும் வீட்டுல போயி பொண்டாட்டிட்ட சொல்லி அழுதிருக்கானுக. ஒரு ஆளு பாக்கியில்ல, ஊருக்கே தெரியும். நீங்க ஒருத்தர்தான் யாருக்கும் தெரியாதுன்னு துண்டைப் போட்டு மூடிக்கிட்டுத் திரியுறீங்க."

அவர் கையை ஓங்கினார். ஓங்கின கை காற்றில் ஐந்து விரலோடு நின்றது. அதைப் பார்த்ததும் இறக்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு மேட்டுச்சாவடி போனார். பட்டறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சவரியம்மாள் இடது கையில் வெல்டிங் பிடித்திருந்தார். சுவரோரத்தில் நீலக் கலப்பை அதே இடத்தில், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது.

"வாங்கண்ணே."

"அந்த நாலு சாமானுக்கும் பணம் கொண்டாந்திருக்கேன்."

"குடுங்க."

கொடுத்தார். சவரியம்மாள் அதை மேசையில் பரப்பி இடது கையாலேயே எண்ணி, கொஞ்சத்தைத் திருப்பி நீட்டினார். "சொன்ன வெலைக்கு மேல இருக்கு."

"வச்சுக்க தாயி. அன்னைக்கு அடிச்சுக் கேட்டேன். அதெல்லாம் நல்ல சாமான். நாந்தான் இல்லாத குத்தம் சொன்னேன்."

"எனக்கு அந்த வெலை கட்டும். பிடிச்சுக்கன்னு சொன்ன வெலை."

"இந்தா, எனக்காக. இன்னும் ரெண்டாயிரம் சேத்துக்க."

"வேணாண்ணே."

"ஒண்ணாவது."

முப்பது வருடத்தில் சன்னாசி விலையை ஏற்றிக் கேட்டு யாரும் பார்த்ததில்லை; எதிராளி ஒரு படி ஏறவிடாமல் இறக்கி இறக்கிக் கொண்டுவந்து அவரை நிறுத்தியதையும் யாரும் பார்த்ததில்லை. பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. பணத்தால் தாண்டிவிடலாம் என்று நினைத்த இடத்தில் பணம் செல்லவில்லை. வேறு எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒன்றைத்தான் செய்தார்: தோளிலிருந்து துண்டை எடுத்து, வலது கையின் மேல் போட்டு, சவரியம்மாளை நோக்கி நீட்டினார்.

சவரியம்மாளின் வலது கை சட்டைப் பைக்குள் இருந்தது. வந்ததிலிருந்து அங்கேதான் இருந்தது என்று அப்போதுதான் சன்னாசி கவனித்தார்.

சவரியம்மாள் துண்டைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துத் துண்டுக்குள் விட்டார். சன்னாசி அந்தக் கையைப் பிடித்தார். முப்பது வருடமாக எத்தனையோ கையைப் பிடித்தவர். ஒரு விரலைப் பிடித்தால் இத்தனை, இரண்டு விரலைப் பிடித்தால் இத்தனை என்று இருட்டில் வாசிக்கத் தெரிந்தவர். அந்த மூன்று விரலையும், இரண்டு விரல் இருந்த இடத்தில் மொழுக்கென்று இருந்த தோலையும் பிடித்துக்கொண்டு, எதை அமுக்கினால் மன்னிச்சுக்க என்று அர்த்தம் என்று தெரியாமல் நின்றார். துண்டுப் பாஷையில் அதற்கு விரல் இல்லை. அவர் அமுக்கி அமுக்கிப் பார்த்தார். முகம் வழக்கம்போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணே," என்றார் சவரியம்மாள். "சொன்னதை வெளிய சொன்னீங்க. இதை மட்டும் உள்ள சொல்றீங்க."

இடது கையால் துண்டைப் பிடித்து இழுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வெயிலில், ஏழெட்டுப் பேர் கண்ணுக்கு முன்னால், இரண்டு கையும் வெட்டவெளியில் கிடந்தன. சன்னாசிக்கு உடம்பில் துணியே இல்லாத மாதிரி இருந்தது. கையை உருவிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. உருவவில்லை. அவர் தொண்டையிலிருந்து வந்த குரலை அவரே கேட்டதில்லை. அதில் தாவணி இல்லை.

"மூணு வெரலுன்னு சொன்னேன். எல்லாரும் கேக்கத்தான் சொன்னேன். கலப்பையைப் பத்தி நீ சொன்னதுதான் சரி. எனக்குத் தெரியல. தெரியலங்கிறதை ஒத்துக்க முடியாம, உன் கையை இழுத்துப் பேசுனேன். பதினாலு கொடி வேரை அறுத்துட்டேன், அதையும் மூடி வச்சிருக்கேன். தப்பு தாயி. எல்லாரும் கேளுங்க, தப்பு."

ஒருவரும் கேட்காதது போல நடிக்கவில்லை. அதற்காக அவர் பிற்பாடு அவர்களுக்கு நன்றியோடு இருந்தார்.

சவரியம்மாள் கையை எடுத்துக்கொண்டார். "ஆறு வருசமா இந்தக் கையாலதான் எல்லாருக்கும் டீ ஊத்திக் குடுத்தேன். நீங்க சொல்லிட்டுப் போன நாள்லருந்து பையில போட்டுக்கிட்டேன். வேணும்னு போடல. அதுவா போயிருது," என்றார். சமாதானம் என்றோ, போகட்டும் என்றோ அவர் சொல்லவில்லை. கீழே கிடந்த துண்டை எடுத்து, கிரீஸ் படிந்த இடுக்கியைத் துடைக்க ஆரம்பித்தார். மூன்று விரலால் துடைத்தார். "கலப்பை அங்கன நிக்குது. வர்றதும் வராததும் அது இஷ்டம்."

சன்னாசி பஸ் ஏறவில்லை. வெறும் தோளோடு, பிளேடு சீவிப்போட்ட ரோட்டில் நடந்தார். மூன்றாவது கிலோமீட்டரில் பின்னால் இரும்பு மண்ணில் இழுபடுகிற சத்தம் கேட்டது. புதுமாடு பின்னால் வரும்போது திரும்பிப் பார்க்கக்கூடாது, பார்த்தால் மிரளும், அவர் திரும்பவில்லை. அவர் நின்றால் சத்தமும் நின்றது, நடந்தால் வந்தது. ஒருதரம்கூட நெருங்கவில்லை.

மறுநாள் வாசலில் நின்ற நான்கும் டிராக்டருக்குக் கொக்கியைக் கொடுத்தன. மூணு கொத்துக் கலப்பை மட்டும் அவர் வாசலுக்கு வரவில்லை. தெருமுனையில், புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டது; இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. ஒவ்வொரு கவாத்துக்கும் சன்னாசி டிராக்டரை அங்கே கொண்டுபோக வேண்டும். கொண்டுபோய், எஞ்சினை நிறுத்தி, இறங்கி, அதன் முன்னால் நின்று, பட்டறையில் சொன்னதை முதலிலிருந்து கடைசிவரை ஒரு வார்த்தை விடாமல் வாயால் சொல்லவேண்டும். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். சொல்லி முடித்ததும் கொக்கி தானாக மாட்டிக்கொள்ளும்.

அதற்கப்புறம் பந்தலுக்கு அடியில், வேருக்கும் வேருக்கும் நடுவில், மூன்று கோடு விழுந்துகொண்டே போகும். ஒரு வேர் அறுபடாது. சன்னாசி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்து தன் கையைப் பார்ப்பார். துண்டு இல்லாத தோள் வெயிலில் காயும். அந்த ஐந்து விரலில் இரண்டை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், வரிசை முடிகிறவரை மடக்கியே வைத்திருப்பார்.